நான் ஏறாத மலை

லொரெய்ன் பெல்க்கி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதியின் உயரமான நூறு மலைகளில் தொண்ணூற்றொன்பதைப் பனிக்காலத்திலேயே ஏறி முடித்திருந்தார். மிச்சம் டன்னிங் மலை ஒன்றுதான். அதற்குப் பாதை கிடையாது. உச்சியில் ஒரு மரத்தில் கட்டிய டப்பாவுக்குள் நோட்டு இருக்கும். ஏறியவர்கள் அதில் பெயர் எழுதுவார்கள்.

“வெண்டல், போன வருஷம் நீ ஏறிட்டியே. கூட வாயேன்” என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

உண்மையில் நான் ஏறவில்லை. மூடுபனியில் ஏதோ ஒரு மேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தேன். டப்பா பனியில் புதைந்துவிட்டது என்று மலையேறிகள் சங்கத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். பனியில் கால் புதையாதிருக்க அகலமான பனிமிதியடிகளைக் கட்டிக்கொண்டு, மாறி மாறி முன்னால் நடந்து பனியை மிதித்து வழி உண்டாக்கினோம். அவர் திசைகாட்டியை எடுத்தபோதெல்லாம், தேவையில்லை, எனக்கு வழி தெரியும் என்றேன். சங்கத்தில் நான் சொன்ன வழியிலேயே போயாக வேண்டியிருந்தது.

நடுப்பகலில் என் மேட்டுக்கு வந்தோம். அன்று வானம் தெளிவாக இருந்தது. பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு முகடு இதைவிட உயரமாக நின்றது.

“அது என்ன?” என்று கேட்டார்.

“அது வேற மலை” என்றேன்.

நம்பிவிட்டார். டப்பாவைத் தேடி மரங்களுக்கிடையே போனவர் திடீரென்று காணாமல் போனார். குட்டை மரங்களைச் சுற்றிப் பனி மூடிய பொந்துகள் இருக்கும். அதில் ஒன்றில் மார்பளவு இறங்கியிருந்தார். அடியிலிருந்த கிளையில் கால் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்க ஒரு மணி நேரம் தோண்டினேன்.

“டப்பா இங்கதான் இருக்கும்போல, காலால தடவிப் பாக்கறேன்” என்று நடுவில் சிரித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

“லொரெய்ன், நான் உச்சிக்குப் போகவே இல்ல. உச்சி அதோ, அதுதான்.”

அவர் அந்த முகட்டைப் பார்த்தார். “நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்” என்றார்.

கால் வெளியே வந்தபோது, இருட்டுவதற்குள் அங்கே போய்த் திரும்ப நேரமில்லை. இறங்கினோம். வழி முழுக்க அவரே முன்னால் நடந்தார்; நான் முந்தப்போனபோது விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு இருவரோடு போய் மலையை முடித்தார். சங்கத்தில் விருந்து வைத்தார்கள். முதல் முறை ஏன் திரும்பினீர்கள் என்று யாரோ கேட்டார்கள். பனி அதிகம், நேரம் போதவில்லை என்றார் லொரெய்ன். பக்கத்திலிருந்தவர் என் முதுகைத் தட்டி, நல்லவேளை வெண்டல் கூட இருந்தான் என்றார்.

நான் எழுந்து நின்றேன். மேடு, பொந்து, அங்கே நின்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். டன்னிங் ஏறியவர்கள் என்று சங்கம் வைத்திருந்த பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் ரொட்டிக் கூடையை அடுத்தவரிடம் நகர்த்தினார். லொரெய்ன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.