வீட்டில் இருந்த இன்னோர் இதயம்

சிவநேசனுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த ஆறு வருடமும் பினாங்கின் டத்தோ கெராமாட் சாலையில் இருந்த அந்த ஏழாவது மாடி வீட்டில் எல்லாமே அவருடைய இதயத்தைச் சுற்றித்தான் நடந்தன. காலை மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், இரவு மாத்திரையை நினைவுபடுத்துவதும், கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதும் அவர் மனைவி காமினியின் வேலை. உப்புக் குறைத்த குழம்பும் தோல் உரித்த கோழியும் அவருக்கு. முந்தின நாள் மிஞ்சிய தேங்காய்ப்பால் கறியும், வீணாகப் போகிறதே என்று எடுத்து வைத்த பொரித்த கருவாடும் அவளுக்கு. தன் கையில் அந்தப் பட்டையை அவள் ஒருநாளும் கட்டிப் பார்த்ததில்லை. கட்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

காமினிக்கு ஐம்பத்தாறு வயது. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை. அந்த மார்ச் மாதம் முழுவதும் அவளுக்கு ஒரு கலக்கமாகவே இருந்தது. வாடிக்கையாளர் முன் புடவையை விரித்துப் போடும்போது அதன் நீலமும் பச்சையும் மேசையை விட்டு வழிந்து தரையில் ஓடுவது போலிருக்கும். தெருவில் ஒலிக்கும் பாட்டு தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் கேட்கும். இரவில் தூக்கம் பிடிக்காது. பகலில் பேருந்தில் உட்கார்ந்தால், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போன பிறகுதான் கண் விழிப்பாள்.

இடது தாடையில் ஒரு வலியும் வந்து வந்து போனது. கடைப் படியேறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். பல் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். காமினி மின்யாக் ஆங்கின் தைலத்தைத் தாடையிலும் முதுகிலும் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிவநேசன் ஒருமுறை கேட்டார்.

"எனக்கு என்ன? வாயுதாங்க. நீங்க மாத்திரை போட்டீங்களா?"

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் தண்ணீர்மலைக்குப் போனார்கள். முருகன் கோயில் மேலே குன்றின்மீது இருக்கிறது. ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். சிவநேசன் ஏறக் கூடாது என்பது காமினியின் சட்டம். அதனால் அவர் வழக்கம்போல் அடிவாரக் கடையில் சீனி போடாத தேநீருடன் உட்கார்ந்துகொண்டார். அவருக்காக வேண்டிக்கொள்ள அவள் மட்டும் ஏறினாள்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. மரங்களுக்கிடையே பனி தங்கி நின்றது. காலைப் பயிற்சிக்கு ஏறுகிற சீனர்களும் மலாய்க்காரர்களும் அந்த வெண்மைக்குள் போய் மறைந்தார்கள். இறங்குகிறவர்கள் அதிலிருந்து முளைத்து வந்தார்கள். நூறு படி ஏறியிருப்பாள். தாடை வலி வந்தது. நின்றாள். இந்த முறை அது போகவில்லை. முதுகுக்கு இறங்கி, இடது தோளைச் சுற்றிக்கொண்டது. நெஞ்சின்மேல் யாரோ நனைந்த துணி மூட்டையை வைத்தது போல் ஒரு பாரம். குளிர்காற்றிலும் வியர்வை கொட்டியது.

பயம் முதலில் வரவில்லை. ஒரு விசித்திரமான அமைதிதான் வந்தது. பனி விலகிய ஓர் இடைவெளியில் கடல் தெரிந்தது. அதில் ஒரு கப்பல் நகராமல் நின்றது. இங்கேயே சற்றுப் படுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

"அக்கா, உக்காருங்க. மேல ஏறாதீங்க" என்று ஒரு குரல் மலாய் மொழியில் சொன்னது.

விளையாட்டுக் காலணியும் தலையில் துடோங் முக்காடும் அணிந்த ஒரு பெண் அவளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தாள். அவள் பெயர் நோர்மா. முப்பது வருடம் அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள்.

"எங்க வலிக்குது?"

"பல்லு... வாயு போல. தைலம் இருக்கு பையில."

"இது வாயு இல்லை அக்கா." நோர்மா அவள் மணிக்கட்டில் விரல் வைத்திருந்தாள். மற்றக் கையால் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சு போல இருக்கு. ஆஸ்பிரின் ஒத்துக்காதா உங்களுக்கு? வயித்துப் புண் இருக்கா?"

இல்லை என்று காமினி தலையாட்டினாள். அவள் கைப்பையில் சிவநேசனின் அவசர மாத்திரைகள் இருந்தன. எங்கே போனாலும் அவருக்காக அவள் அவற்றைச் சுமந்து திரிவாள். நோர்மா ஆஸ்பிரினை எடுத்து, தொலைபேசியில் பேசியவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, மூன்றை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"முழுங்காதீங்க. மென்னு தின்னுங்க."

நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இருக்கிறது என்று காமினி காட்டினாள். உறையில் இருந்த பெயரைப் பார்த்து நோர்மா மறுத்துவிட்டாள். "அது உங்க வீட்டுக்காரருக்கு எழுதினது. உங்க பிரஷர் எவ்வளவுன்னு தெரியாம கொடுக்க முடியாதுலா."

காமினி கசப்பை மென்றாள். பனிக்குள் யாரோ ஏறி வருவது தெரிந்தது. நரைத்த தலை, ஒரு கை கம்பியில், ஒரு கை முழங்காலில். காமினியின் தொலைபேசியிலிருந்து நோர்மா அழைத்துச் சொன்னதும் ஓடிவந்த சிவநேசன்தான் அது. காமினிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"நீங்க ஏறக் கூடாதுங்க! இறங்குங்க!" என்று கத்த நினைத்தாள். கையை மட்டும் அசைத்தாள்.

அவர் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியதே தவிர, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "பேசாத. நான் நல்லா இருக்கேன். நீ பேசாம இரு."

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். ஒரு அடிகூட நடக்க விடவில்லை. படிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து போவதை அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

மருத்துவமனையில் எல்லாம் வேகமாக நடந்தது. ஆனால் காமினிக்கு அது மிக மெதுவாக நடந்ததாகத்தான் ஞாபகம். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி வரைபடம் எடுத்தார்கள். பிறகு ஒரு குளிர்ந்த அறை. மணிக்கட்டின் வழியாக ஒரு மெல்லிய குழாய் உள்ளே போனது. அவளுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. தலைக்குப் பக்கத்தில் ஒரு திரை இருந்தது.

"பாக்கலாம்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர் சுகுமாரன். "இதுதான் உங்க இருதயம்."

சாம்பல் நிற வானத்தில் இலையில்லாத ஒரு மரம் போல அது தெரிந்தது. கிளைகள் துடித்து அசைந்தன. மருந்து பாயும்போது கிளைகள் கறுத்துத் தெளிந்து, மறுபடி மறைந்தன. ஒரு கிளை மட்டும் பாதியில் நின்றது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. ஐம்பத்தாறு வருடம் தனக்குள் இப்படி ஒன்று அசைந்துகொண்டிருந்ததா என்று அவள் வியந்து பார்த்தாள். பிறகு ஏதோ சிறிதாக விரிந்தது. கருமை மெல்ல வழிந்து, இல்லாத இடத்தில் ஒரு கிளை முளைத்தது. அதிலிருந்து இன்னும் மெலிந்த கிளைகள். நெஞ்சின் மேலிருந்த மூட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றார் டாக்டர்.

மறுநாள் அவர் படுக்கையருகே வந்து நின்று விளக்கினார். சிவநேசனும், பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்த மகள் துளசியும் கூட இருந்தார்கள்.

"ரத்தக் குழாய்ல கொழுப்பு வருஷக்கணக்கா சேரும். ஒருநாள் அது வெடிச்சு ரத்தம் உறைஞ்சு அடைச்சிரும். அப்போ தசை சாக ஆரம்பிக்குது. சீக்கிரமா திறந்துட்டோம், சேதம் கொஞ்சம்தான். இன்னும் ரெண்டு மணி நேரம் தைலம் தேய்ச்சுட்டு இருந்தா கதை வேற."

"எனக்கு நெஞ்சு வலிக்கலியே டாக்டர், இவருக்கு வந்த மாதிரி" என்றாள் காமினி.

"பொம்பளைங்களுக்குப் பல நேரம் அப்படித்தான். தாடை, முதுகு, அசதி, தூக்கமின்மை. ஒரு மாசமா அது உங்ககிட்ட பேசிட்டுத்தான் இருந்திருக்கு. உங்க சீனி அளவும் கூட, பிரஷரும் கூட. கடைசியா எப்போ செக் பண்ணீங்க?"

காமினி யோசித்தாள். துளசி பிறந்தபோது. துளசிக்கு இருபத்தொன்பது வயது.

சிவநேசன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதை மகள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள் கஷ்டமாக இருந்தன. உடம்பு தேறியது; மனம் தேறவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. குளியலறைக் கதவைத் தாழிடப் பயந்தாள். அடுக்களையில் சிவநேசன் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் எரிச்சல் வந்தது. அவர் வைத்த முதல் ரசம் வெந்நீர் போலிருந்தது. சுட்ட மீன் ஒரு பக்கம் கரிந்திருந்தது.

"நீங்க போய் உக்காருங்க, நான் செய்றேன்" என்று எழுந்தாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஆறு வருஷமா என்னை உக்கார வச்சே. நானும் சொகுசா உக்காந்துட்டேன். உன்னை ஒருநாள் கூட்டிட்டுப் போய் ஒரு ரத்தம் எடுத்துப் பாக்கலையே நான். இப்பவாவது என்னை நிக்க விடு காமினி."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் மீனைத் திருப்பிப் போட்டார். இருவரும் கரிந்த பக்கத்தை ஒதுக்கிவிட்டு ஒரே உணவைச் சாப்பிட்டார்கள்.

மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. இதயத்துடிப்பைப் பார்த்தபடி நடக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். நடக்கும்போது துடிப்பு கூடியதும் அவள் நடுங்கி நின்றுவிட்டாள். பயிற்சி கொடுத்த சித்தி ஆயிஷா என்ற மலாய்ப் பெண், "இது நல்ல துடிப்புக்கா, பயந்தா வர்றது இல்ல, நடந்தா வர்றது" என்றாள். ஆறாவது வாரத்தில் இருபது நிமிடம் நடந்தாள். அழுகை பற்றியும் கேட்டார்கள். பலருக்கும் வரும், சொல்லலாம் என்றார்கள். சொன்ன பிறகு அது குறைந்தது.

அப்பா அம்மா இருவருக்கும் இதய நோய் இருப்பதால் துளசியும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். மூன்றாவது தடவை காமினியே அவளோடு கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள். கெட்ட கொழுப்பு அதிகமாக இருந்தது.

"இந்த வயசுலயாம்மா?" துளசியின் முகம் வெளுத்தது.

"இந்த வயசுல தெரிஞ்சது நல்லதுதான். எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. வா, அப்பாகிட்ட சொல்லுவோம்."

துளசி நிறுவன உணவகத்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை விட்டுவிட்டு வீட்டுச் சாப்பாடு எடுத்துப் போக ஆரம்பித்தாள். மாலையில் கார் நிறுத்தும் தளத்திலிருந்து ஏழு மாடியும் நடந்தே ஏறி வந்து, கதவருகே மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பாள்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல். சிவநேசனும் துளசியும் காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் முறையாக, சிவநேசன் இல்லாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு காமினி தனியாக இருந்தாள். நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பினாங்குக் கொடிமலையின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. காற்று மட்டும் முன்னால் வந்து, கொடியில் காயும் துணிகளை மெல்லத் தூக்கித் தூக்கி விட்டது. கண் சொருகியது. விழித்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் இல்லாமல், அவள் அதை அப்படியே சொருக விட்டாள்.