மேட்டு மனை

என் மனைவி வெர்னாவுக்கும் தம்பி மனைவி ரோடாவுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பொறாமை என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். பொறாமை முழுவதும் வெர்னாவுடையது. லங்காஸ்டர் பக்கத்துக் கண்காட்சியில் ரோடா சுட்ட ஆப்பிள் பை பலகாரத்துக்கு முதல் பரிசான நீல நாடா கிடைத்தால், எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பாத்திரங்கள் மட்டும்தான் பேசும்.

பக்கத்துப் பண்ணை லேண்டிஸ் கிழவர் இறந்ததும் பிள்ளைகள் நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். சோளம் நின்ற இடத்தில் கூரைகள் முளைத்தன. என் தம்பி கேலன் பயந்துபோனான். எங்கள் இருவருக்கும் பொதுவான நிலத்தின் கட்டட உரிமையை நிலக்காப்பு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான். நிலம் எங்களுடையதாகவே இருக்கும். உழலாம், மாடு வளர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் அதில் இனி வீடு எழும்பாது.

அறக்கட்டளைப் பெண் ரோடாவின் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள்.

"குடும்பத்துக்குன்னு ஒரே ஒரு வீட்டுமனை ஒதுக்கி வெச்சுக்கலாம். இப்பவே குறிக்கணும். அப்புறம் கேட்டாக் கிடைக்காது" என்றாள்.

"ஓடைக்கு மேல இருக்கற மேடு நல்லாருக்குமே. கெண்ட்ராவுக்குக் கல்யாணம் வருது" என்றாள் ரோடா.

வெர்னாவின் கழுத்து சிவந்தது. ரோடாவின் மகள் கெண்ட்ரா விடியுமுன் மாட்டுக் கொட்டகையில் நிற்பவள். எங்கள் மகன் டாரலோ, சாணி நாற்றம் ஆகாது என்று டென்வருக்குப் போனவன். வெர்னாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மனையே வேண்டாம். காப்பாத்தறதுன்னா முழுசாக் காப்பாத்தணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒரு வீடுதானே, அண்ணி" என்றான் கேலன்.

"லேண்டிஸ் வீட்லயும் ஒரு வீடுதானேன்னுதான் ஆரம்பிச்சாங்க!"

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க" என்று அடக்கினாள்.

ரோடா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிலம் தங்கினாப் போதும். மனையை அடிச்சிருங்க" என்றாள்.

நால்வரும் கையெழுத்துப் போட்டோம். தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். வெர்னாவுக்குத் தன் மூக்குப் போனது தெரியவில்லை. பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கெண்ட்ரா கல்யாணம் முடிந்து தாய்வீட்டு மாடியிலேயே குடித்தனம் வைத்தாள்.

மறு வருடம் டாரலுக்கு வேலை போயிற்று. கர்ப்பிணி மனைவியோடு வந்து நின்றான்.

"பால் கறக்கக் கத்துக்கறேன்பா" என்றான். வெர்னா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். எங்களோடு இருங்கள் என்றதற்கு மட்டும் மருமகள் சிரித்து மழுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரோடா வீட்டில் விருந்து. டாரல் ஜன்னல் வழியே கைகாட்டினான்.

"அப்பா, அந்த மேட்டுல சின்னதா ஒரு வீடு கட்டிக்கவா?"

கட்ட முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காரணத்தையும் சொன்னேன்.

"ஒரு மனை கூடவா வெச்சுக்கல? யாரு வேண்டாம்னது?"

வெர்னாவின் கையில் முள்கரண்டி நின்றுவிட்டது. கேலன் அவளைப் பார்த்தான். கெண்ட்ராவும் பார்த்தாள்.

"நாங்க எல்லாருமாச் சேர்ந்துதான்டா முடிவு பண்ணினோம். நல்ல மண்ணு அது, வீணாக்க வேண்டாம்னு" என்றாள் ரோடா. "உருளைக்கிழங்கு போட்டுக்கோ, ஆறிப்போவுது."

டாரல் பெருமூச்சு விட்டான். "அப்ப லேண்டிஸ் நிலத்துலதான் வீடு பாக்கணும் சித்தி. அங்க விக்கறவன்கிட்ட கேட்டேன். எதிர்ல உங்க வயலு, என்னிக்கும் யாரும் மறைக்க மாட்டாங்கன்னு சொல்லி, விலையக் கூட்டிச் சொல்றான்."

வயல் வரப்பு வழியாக வீடு திரும்பினோம். எங்கள் வாசலுக்கு வந்ததும் வெர்னா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா அவள? என் பேரச் சொல்லியிருக்கலாம்ல? சொல்லலியே! இதுலயும் அவதான் நல்லவ!"

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.