விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதில்லை

சவப்பெட்டி செய்யத் தச்சர் அளவுநாடாவின் ஒரு நுனியைப் போதகரின் தலைமாட்டில் வைத்தார். மறு நுனியைக் கால்மாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாள் போதகரம்மா. விடியற்காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதே அவள் கணவர் போய்விட்டார். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாத மனிதர், கடைசியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைவிட அவளைச் சுட்டது ஊர் நடந்துகொண்ட விதம். காலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், போனார்கள். யாரிடமும் மூச்சுப் பேச்சில்லை.

இந்த ஊர் வழக்கம் அதுவல்ல. இங்கே செத்தவரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் செய்த அசட்டுத்தனங்களைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஊழியத்துக்காகக் கடல் தாண்டி வந்த புதிதில், ஒரு சாவு வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் போதகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவீட்டில் நின்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். அந்த வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதாய்யா? எங்க வீட்டுக்காரர் ஏணியில மாட்டிக்கிட்ட கதை பாதியில நிக்குது" என்றாள். அதன்பிறகு எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து சிரித்தவர் போதகர்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சிரிப்புக்கூடக் கிடையாதா? இருபத்திரண்டு வருஷமும் விழலுக்கு இறைத்த நீரா?

விடுமுறைக்கு வந்திருந்த மகன் போனும் கையுமாக உள்ளே வந்தான். "அம்மா, விமானத்துக்குச் சொல்லிட்டேன். நாளைக்கே அப்பாவை நம்ம ஊருக்குக் கொண்டுபோயிடலாம்."

அவள் தச்சரைப் பார்த்தாள். "ஏன் யாரும் வாயே திறக்கல? அவர்மேல ஏதாவது வருத்தமா?"

"ஐயையோ, வருத்தமா! ஊருக்குக் கொண்டுபோறீங்கன்னு தம்பி காலையிலேயே சொன்னாரே. அப்ப அவர் விருந்தாளி. விருந்தாளியைப் பார்த்து நாங்க சிரிக்கிறதில்லை, போதகரம்மா. எனக்கு ஒரு கதை அப்பவே பிடிச்சுத் தொண்டையில நிக்குது."

போதகரம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்னு சொல்லிடுப்பா. அப்பா இங்கேதான்."

"அம்மா, நல்லா யோசிச்சியா?"

அவள் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். தச்சரிடம், "நீங்க சொல்லுங்க" என்றாள்.

தச்சருக்குக் கேட்க வேண்டுமா? "முதல் ஞானஸ்நானம் எனக்குத்தான். ஆத்துல என்னை முக்கி எடுக்க வந்தவர், கால் வழுக்கித் தண்ணியோட போறார். நீச்சல் தெரியாதுன்னு அப்பத்தான் சொல்றார்! நான் அவரைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டுக் கரைக்கு வர்றேன். தலைகீழா தொங்கிக்கிட்டு, அப்பவும் ஜெபத்தை விடல மனுஷன்!"

வீடு அதிர்ந்தது. மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்; அவன் தோள்கள் குலுங்கின. அவளும் சிரித்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

சிரிப்பு அடங்கியதும் தச்சரிடம் மெல்லச் சொன்னாள். "குழி வெட்டுறவங்ககிட்ட, பக்கத்துல எனக்கும் இடம் விடச் சொல்லுங்க."

"அதெல்லாம் விடுவாங்க. உங்க கதையே ஆறேழு கைவசம் இருக்கு."

"போங்கய்யா" என்று கண்ணைத் துடைத்தாள். கூட்டம் இப்போதைக்குக் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. தேநீருக்குப் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.