பத்து எண்ணும் கூட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பேசப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்தே தாம்சின் பயந்துகொண்டே இருந்தாள். செம்புச் சுரங்கத்தையே நம்பியிருந்த அந்த ஊரில், ஒருவருடைய பேச்சு பிடிக்கவில்லையென்றால் கூட்டமே சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணும். பத்து வந்துவிட்டால் அவர் வண்டிமேடையை விட்டு இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கியவரை அதற்கப்புறம் எந்தத் தேர்தலிலும் ஊர் சீந்தியதில்லை.

அப்பாவுக்காக எத்தனை பேரை அப்படி எண்ணி இறக்கியிருக்கிறார்கள்! சின்ன வயதில், எப்போதும் முதலில் எண்ண ஆரம்பிக்கும் சைலஸ் மாமாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, பட்டுத்தொப்பி போட்ட ஒரு முதலாளியைப் பார்த்து அவளும் "பத்து!" என்று கத்தியிருக்கிறாள். சுரங்கத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்த அப்பா ஜாபஸ் ட்ரெவாரோ அப்படித்தான் சட்டசபைக்குப் போனார். தேவாலயப் பாடகர்கள் ரயிலடிக்கே வந்து பாடி அனுப்பினார்கள். சட்டசபை கூடும் அடிலெய்டிலிருந்து அவர் திரும்பும் வெள்ளிக்கிழமையெல்லாம் தெருவே விழித்திருக்கும்.

இப்போது போர். ஆண்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு அனுப்பலாமா என்று நாடே வாக்களிக்கப்போகிறது. தொழிற்சங்கம் கூடாது என்றது. அப்பா வேண்டும் என்றார். அண்ணன் ஜோயல் பிரான்சில் பதுங்குகுழியில் கிடந்தான்.

மத்தியானமே அவள் சைலஸ் மாமாவிடம் ஓடினாள்.

"நீங்க எண்ணிடாதீங்க மாமா. நீங்க ஆரம்பிக்கலைன்னா யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க."

"உங்கப்பன் வாயை மூடச் சொல்லேன். சுரங்கத்துல கூட வேலை பாத்த காலத்துலேர்ந்து நானும் சொல்றேன், கேக்கறானா?" என்று சிரித்தார். எண்ணமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா வண்டியில் ஏறினார். "என் பையன் அங்க துணைக்கு ஆளில்லாம நிக்கிறான்..."

"உன் பையன் அவனா போனான்! என் பையனை இழுத்துட்டுப் போகணுமா?"

"எங்க ஓட்டுல ஏறி எங்களையே மிதிக்கிறியா, துரோகி!"

ஒரு மண்ணாங்கட்டி வண்டிச் சக்கரத்தில் மோதி உடைந்தது. பின்னாலிருந்து இன்னும் சிலர் குனிந்தார்கள்.

"ஒண்ணு!"

சைலஸ் மாமாவின் குரலேதான். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டு, மூன்று என்று கூட்டம் சேர்ந்துகொண்டது. நாலு வரைக்கும் அப்பா விடாமல் பேசிப்பார்த்தார். அப்புறம் நிறுத்திவிட்டார். ஒன்பதில் தொப்பியைக் கழற்றினார். பத்து வந்ததும், யாரும் சொல்லாமலே, இறங்கினார். முழங்கால் தடுமாறியது. சைலஸ் மாமா முண்டியடித்து வந்து தோள் கொடுத்தார்.

"எட்டுல அவசரப்பட்டுட்ட, சைலஸ்" என்றார் அப்பா.

"மூச்சு வாங்குதுடா. வயசாச்சில்ல?"

"நீங்களேவா மாமா?" என்றாள் தாம்சின்.

"எண்ணலைன்னா கல்லு வந்திருக்கும், பாப்பா. எண்ணறப்ப எவனும் கையை ஓங்க மாட்டான்."

அப்பா தொப்பியைப் போட்டுக்கொள்ளாமலே நடந்தார். கூட்டம் முடிந்தால் வழிநெடுக நின்று நின்று கைகுலுக்கிவிட்டுத்தான் அவர் வருவார். அம்மா இரண்டு தடவை சாப்பாட்டைச் சூடு பண்ணுவாள். அன்றைக்கு வீடு சீக்கிரமே வந்துவிட்டது.