சரிவுக்கு அப்பால்

பிப்ரவரி ஒன்பது, காலை ஏழு பத்துக்குப் பனித்தூண் உடைந்தது. மணிக்கட்டிலிருந்து நான்காவது தட்டு.

கிலியன் மண்வெட்டியை எடுத்துவிட்டு உடைந்த இடத்தைப் பார்த்தான். மேலே, முந்தாநாள் காற்று கொண்டுவந்து அடுக்கிய பனி, பலகை போல. அடியில் சர்க்கரையாக உதிரும் பழைய பனி. சோதனை எளிது: தூணை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியைப் படுக்கவைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முப்பதும் தாங்கினால் சரிவு பரவாயில்லை. இது நான்கைத் தாங்கவில்லை.

மலையேறிகள் தங்கும் தன் குடிலுக்குத் திரும்பி, வயர்லெஸ்ஸில் இன்ஸ்ப்ருக்கின் பனிச்சரிவு எச்சரிக்கை நிலையத்துக்குச் சொன்னான். அபாயம், ஐந்தில் நான்கு. அவர்கள் குறித்துக்கொண்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. பதினொரு நாளாக அவன் கேட்ட மனிதக் குரல் அதுதான், தினமும் இரண்டு நிமிடம். விருந்தினர் யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவனே திட்டியிருப்பான். சாயங்காலங்களில் இருவர் ஆடும் சீட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினான். எதிர்ப்பக்கம்தான் அதிகம் ஜெயித்தது.

பத்தரைக்கு வயர்லெஸ் மறுபடியும் பேசியது.

“குடில்காரரே, சூப் இருக்கா?”

பூர்கி. ஆறு குளிர்காலம் இந்தக் குடிலில் அவனோடு இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் கீழே இறங்கிப் போனவள்.

“எங்க இருக்க?”

“மாட்டுக்கொட்டகைகிட்ட. கொட்டகைக் கூரையே தெரியல, அவ்வளவு பனி.”

தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். கடைசி மரங்களுக்கு மேலே ஒரு சிவப்புச் சட்டை. அவளுக்கும் குடிலுக்கும் நடுவே அந்தச் சரிவு.

“கூட யாரு?”

“யாருமில்ல. என்கூட ஏற எவனுக்கு மூச்சு இருக்கு?”

“பூர்கி, சரிவு மோசம். நாலாவது தட்டுக்கே போச்சு.”

“நீ தட்டினா எதுதான் தாங்கும்? உனக்குக் கை கனம்யா.”

“விளையாடாத.”

“உன் தடம் தெரியுதே, இன்னைக்குப் போட்டது. நீ போலாம், நான் வரக்கூடாதா?”

அவன் தடம் சரிவின் விளிம்பில், குழி வெட்டிய இடத்தோடு நின்றிருந்தது. அது நிற்கும் இடத்தைக் கீழிருந்து பார்ப்பவருக்குப் பாறை முதுகு மறைத்தது. திரும்பும்போது அதைக் கலைத்திருக்க வேண்டும். யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

“அது விளிம்போட நிக்குது. உள்ள போகல.”

“சரி, நானும் மேல ஓரமாவே வர்றேன். நெஞ்சுல தேடுகருவி கட்டியிருக்கேன்.”

“யார் தேடுறது?”

“நீதான்.”

“நான் வந்து சேர நாப்பது நிமிஷம். பனிக்குள்ள புதைஞ்சா கால் மணி நேரம்தான் உயிர்.”

“அப்ப வேகமா வா.” சிரித்தாள்.

அவள் திரும்பியபோது முதுகு தெரிந்தது. அது ஒருநாள் பயணத்துக்கான பை அல்ல.

“என்ன, பெரிய பை?”

அவள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆமா, பெரிய பைதான். துணி, புத்தகம், உனக்குப் பிடிச்ச அந்த நாத்தம் பிடிச்ச பாலாடைக்கட்டி. இன்னும் ஏதாவது விசாரணை இருக்கா?”

உள்ளே பார்லி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை நகர ஆரம்பித்தது.

எச்சரிக்கையைக் கேட்டு அவள் திரும்பிப் போய் அவன் பார்த்ததில்லை. மனம் நோகும் ஒரு சொல்லுக்குத்தான் திரும்பியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன், இதே வாசலில், அவன் சொன்ன சொல்லுக்கு.

“பூர்கி, வராத. இங்க ஒருத்தி இருக்கா.”

வயர்லெஸ் இரைந்தது.

“எங்க?”

“உள்ள. தூங்குறா. டிசம்பர்லேர்ந்து இங்கதான்.”

சிவப்புச் சட்டை நின்றது.

“இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நாலு தட்டு, அஞ்சு தட்டுன்னு கத விட்டுக்கிட்டு.”

அவள் திரும்பினாள். மரங்களுக்குள் மறையும்வரை அவன் தொலைநோக்கியை இறக்கவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அங்கே நிலம் சமம். சரிவிலிருந்து எது இறங்கினாலும் அதுவரை எட்டாது. இப்போது உண்மையைச் சொல்லலாம். ஆனால் மணி பதினொன்றுதான். வெளிச்சம் இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும். சொன்னால் ஏறுவாள்.

உள்ளே போய் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கினான். ஜன்னலில் சரிவு தெரிந்தது. அசையவில்லை. வெயிலில் சும்மா கிடந்தது.

வயர்லெஸ் கரகரத்தது.

“கிலியன், அவ பேரென்ன?”