ஏழு சாண் கட்டில்

வெள்ளவத்தைக் கடற்கரையில் எழும்பப்போகும் முப்பது மாடிக் கட்டடத்துக்கு முன்னோட்டமாக, நிலத்தில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தார்கள். அதன் படுக்கையறைக்குள் நின்ற ஜாபிருக்குக் கடலோரப் பாதையில் ரயில் போகும் சத்தம் கேட்டது. சன்னலைப் பார்த்தார். கடல் இருந்தது, ரயிலைக் காணவில்லை. கிட்டப் போனார். பின்னால் விளக்கு வைத்த படம்.

கட்டாத மாடியின் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, ட்ரோன் விட்டு எடுத்தது அங்கிள் என்றாள் விற்பனைப் பெண் டில்ஷானி. நியாயமான பதில்தான். ஆனாலும் மனதில் ஒரு முள் தைத்துவிட்டது.

மனைவி றலியாவுக்கு அப்படியொன்றும் இல்லை. அவர்களுடைய வீட்டில் கட்டிலைத் தாண்டப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். இங்கே கட்டிலருகே இரண்டு பேர் முஸல்லா விரித்துத் தொழலாம் என்று மகிழ்ந்தாள். மேசையில் படிவமும் பேனாவும் தயாராக இருந்தன. கையெழுத்து விழுந்தால், மாளிகாவத்தையில் இருபத்தாறு வருடம் வாழ்ந்த சொந்த வீட்டை விற்றாக வேண்டும்.

ஜாபிர் அறையைச் சுற்றி வந்தார். வாசலில் நிலை இருந்தது, கதவு இல்லை. கதவு திறக்க நிலத்தில் கால்வட்ட அளவு இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டும். கதவே இல்லாவிட்டால் அந்த இடமும் அறையோடு சேர்ந்துவிடும். சரி, இது ஒன்று. வேறென்ன?

கட்டில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். மெத்தையின் விளிம்பில் இரட்டைத் தையல், மூலையில் ஒரு முடிச்சு. அவருடைய மெத்தைக் கடைத் தையல்.

போன நோன்புக்கு முந்தி, நுகேகொடைத் தச்சர் ஒருவர் நீளம் குறைந்த கட்டையான மெத்தைகள் ஆறு கேட்டிருந்தார். பிள்ளைகளின் விடுதிக்காக்கும் என்று ஜாபிர் தானாகவே நினைத்து, நல்ல பஞ்சு வைத்து, ஆளுக்கொரு தலையணையும் இனாமாகக் கொடுத்திருந்தார். அந்தத் தலையணைதான் இங்கே பட்டு உறைக்குள் சாய்ந்திருந்தது.

சாணால் அளந்தார். ஆறடிக் கட்டிலுக்கு எட்டுச் சாண் வேண்டும். இது ஏழு.

“எனத்துக்கு இப்ப கட்டில அளக்கிறீங்க? ஆக்கள் சிரிப்பாங்க,” என்றாள் றலியா.

அவருக்கு விளங்கிவிட்டது. அறை எவ்வளவு பெரிதென்று கண் தனியாக அறியாது. தெரிந்த பொருளொன்றோடு ஒப்பிட்டே அறியும். கட்டில் என்றால் ஆறடி என்று கண்ணுக்குப் பழக்கம். கட்டிலைக் குறுக்கினால் அறை வளர்ந்துவிடும். இதை வாயால் சொன்னால் வீண் சந்தேகம் என்பாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தலையணையில் தலை வைத்து நீட்டி நிமிர்ந்து படுத்தார். அங்கிள், அதில் படுக்கக்கூடாது என்றாள் டில்ஷானி.

ஜாபிர் ஐந்தடி ஐந்தங்குலம். குட்டையர் என்று முப்பது வருடமாகக் கேலி செய்கிறவள் றலியா. அவருடைய இரண்டு பாதங்களும் கட்டிலுக்கு வெளியே அந்தரத்தில் நின்றன.

றலியா பாதங்களைப் பார்த்தாள்; அறையைப் பார்த்தாள்.

“ஒங்கட கால் எப்ப வளந்த?”

“வளரல்ல. கட்டில்தான் கட்டையா ஈக்கி. நான் தச்ச மெத்த இது.”

அவள் மேசையில் திறந்து கிடந்த பேனாவை மூடிப் படிவத்தின்மேல் வைத்தாள்.

“மகள், மெய்யான அறையிட நீள அகலத்த எழுதித் தாங்க,” என்று டில்ஷானியிடம் சொல்லிவிட்டு, விரல்களைச் சாணாக விரித்துக்கொண்டு, அடுப்பு மேசையை அளக்கக் குசினிக்குள் போனாள்.