தெரியாத வீட்டுக்கு மட்டும் நர்ஸ்

நர்ஸ் எங்களை நோக்கி வேகமாக நடந்து வந்தார். வர வரச் சின்னதாகிக்கொண்டிருந்தார். நர்ஸ் அனுப்பும் அந்த ஆபீஸின் வராந்தா அப்படி. யாராவது அவசரமாக வந்தால் நீளும்.

என் மடியில் ரூபனின் தொண்டை கொரகொரவென்றது. ரூபன் என் தம்பி. ஆறு வயது. கழுத்தில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் மூச்சு. அதில் சளி அடைத்தால் சக்ஷன் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மெஷின் என் காலடியில்தான் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸிலேயே அம்மா சொல்லியிருந்தாள்.

"உள்ள போனதும் உனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி, பிரிசி. அவன் என்ன பண்ணினாலும் முழிச்சிட்டு உக்காந்திரு."

ராத்திரிக்கு நர்ஸ் அனுப்புவது ஒன்றும் தெரியாத வீடுகளுக்கு மட்டும்தான். மெஷின் வைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் கிடையாது. நர்ஸ் வந்தால் அம்மா தூங்கலாம். அதற்காகத்தான் வந்திருந்தோம்.

அம்மாவைத் தெரிந்தவர்களில் சேர்க்கவில்லை, சாமான்களில் சேர்த்துவிட்டார்கள். ரூபனுக்கு வயிற்றுக் குழாயில் பால் இறங்க, சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். நின்று நின்று அவள் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டாகிவிட்டாள். இடுப்புக்குக் கீழே இரும்பு. அடியில் சக்கரம். வலது கை இறங்குவதே இல்லை. வாசலில் வாட்ச்மேன் அவளைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல கனம். இப்பல்லாம் இப்படி வர்றதில்ல."

அம்மா அவருக்கு நன்றி சொன்னாள்.

அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். ரூபன் பிறந்த வருஷம் போனார். இன்னும் கூட்டமாக இருக்கிறது என்று எப்போதாவது போன் செய்வார்.

மேசைக்குப் பின்னால் மேடம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இவனுக்கு என்ன பண்ணுது?"

"தெரியல மேடம்."

"நல்லது."

ரூபனின் உதடு நாவல்பழம் தின்றது போல ஆனது. அவன் வாயால் எதையும் தின்றதில்லை.

நர்ஸ் இப்போது தீக்குச்சி உயரம் இருந்தார். ஆனாலும் நடையில் குறை இல்லை.

"வந்துட்டே இருக்காங்க. பொறு," என்றார் மேடம். "பாதிப் பேரு இந்த எடத்துலதான் கெடுத்துக்கிடுதாங்க."

அம்மாவின் சக்கரம் கிரீச்சிட்டது.

கொஞ்ச நேரம் எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. மெஷின் யாருடையதோ, மடியில் இருப்பவன் யாரோ என்றுதான் இருந்தது. சுகமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

ரூபன் என் கட்டைவிரலைப் பிடித்தான். மெஷின் டியூபின் பக்கவாட்டு ஓட்டையை அந்த விரலால் மூடினால்தான் அது சளியை உறிஞ்சும். அவனுக்கு அது தெரியும்.

தெரியாதவள் மாதிரியே செய்துவிடலாம் என்று நினைத்தேன். சுவிட்சைத் தேடினேன். கையுறையைக் கை மாற்றிப் போட்டேன். "இது எதுக்குன்னு தெரியலயே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்புறம் டியூபை அவன் கழுத்துக் குழாய்க்குள் விட்டு, கட்டைவிரலை அழுத்தி, மெல்லத் திருகியபடி வெளியே எடுத்தேன். சளி வந்தது. உதட்டின் நிறம் திரும்பியது.

"தானா வந்துட்டு மேடம்."

மேடம் கடலைத் தோலை ஊதினார்.

"மூச்சைப் பிடிச்ச."

"இல்ல."

"டியூப் உள்ள இருந்த வரைக்கும் நீ மூச்சே விடல. உனக்கு முட்டினா அவனுக்கும் முட்டும்னு வெளிய எடுத்த. தெரியாதவங்க மூச்சு விடுவாங்கம்மா."

அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மற்றதையெல்லாம் மறைத்தேன். மூச்சு விட மறந்துவிட்டேன்.

தூரத்தில் நர்ஸ் நின்றார். திரும்பி நடந்தார். போகப் போகப் பெரிதானார். சாதாரண உயரத்துக்கு வந்ததும் ஒரு கதவைத் திறந்து வெளியே போனார்.

நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

"சளி என்ன கலருட்டி?" என்று கேட்டாள்.

"வெள்ளை."

"ரத்தம் இல்லல்லா?"

"இல்லம்மா."

"அப்ப சரி."

அவள் தலை மெதுவாகச் சாய்ந்து, கழுத்தோடு வளைந்து, கொக்கியானது. நான் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"தூங்குறாங்களா மேடம்?"

"ஸ்டாண்டு தூங்குமா?"

மேடம் எழுந்து வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"கவலைப்படாத. உங்க வீட்டுக்கு ஆள் போட்டாச்சு."

"யாரு மேடம்?"

"நீதான். ராத்திரி மட்டும்."

"பகல்ல?"

"பகல்ல நீ அவனுக்கு அக்கா. அப்பவும் பாத்துக்கிடணும்."

ரூபன் என் தோளில் தலையைச் சாய்த்து நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் ஒரு கையில் மெஷினைத் தூக்கினேன். இன்னொரு கையால் அம்மாவைத் தள்ளினேன். சக்கரம் உருள மாட்டேன் என்றது.

"கடைசியா ஒண்ணு," என்றார் மேடம். "எல்லார்ட்டயும் கேக்குறதுதான்."

"கேளுங்க."

"நீ கண்ணசந்துட்டன்னா, இவன் தொண்டைச் சத்தம் யாருக்கும்மா கேக்கும்?"